'வலி விட்டுட்டு' என்று பெரியவர் சொன்னால்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். வயிறு உப்பியிருந்தது. உள்ளங்கை சில்லிட்டு ஈரமாக இருந்தது. நாடி நிமிடத்துக்கு 124. என் முகத்தைப் பார்த்து, "நங்கூரம் போட்டாச்சா?" என்று கேட்டார். கடலுக்குப் போவதை விட்டு இருபது வருஷம் ஆன மனிதர்.

கூட வந்த மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "காலையில நல்லாத்தான் இருந்தாரு டாக்டர். ராத்திரி பூரா துடிச்சாரு. விடியக்காலம் நாலு மணிக்கு வலி விட்டுட்டு. எழுந்து உக்காந்து கடுங்காப்பி குடிச்சாரு. கார் சொல்லியிருந்தோம், வேண்டாம்னுட்டோம்" என்றார்.

அன்று இரவு அவர் வயிற்றைத் திறந்தபோது ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் பச்சையும் பழுப்புமாகப் பித்தநீர் கலந்த திரவம் இருந்தது. பித்தப்பையின் அடிநுனியில் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் ஓட்டை. சுற்றியிருந்த சுவர் கருத்துப்போய், நனைந்த காகிதம் போல, கருவி பட்டாலே பிய்ந்துவந்தது. ஓட்டை விழுந்தது அந்த நாலு மணிக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குடும்பமே நிம்மதியாக மூச்சுவிட்ட அந்த நேரத்தில்தான் அவர் வயிற்றுக்குள் பித்தப்பை வெடித்திருக்கிறது.

வலி விட்டது எப்படி? பித்தப்பையின் வாயை ஒரு கல் அடைத்துக்கொள்கிறது. உள்ளே நீர் சேர்ந்து பை விம்முகிறது. அந்த இறுக்கம்தான் அத்தனை வலியும். பை கிழிந்ததும் இறுக்கம் போய்விடும். வலியும் சட்டென்று குறையும். பிறகு, கொட்டிய பித்தநீரும் கிருமியும் வயிற்றின் உட்சவ்வு முழுக்கப் பரவி வேலையைக் காட்டச் சில மணி நேரம் ஆகும். இடையில் கிடைப்பது ஒரு பொய்யான அமைதி. எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை. பலருக்கு வலி குறையாமலே வயிறு முழுக்கப் பரவும். ஆனால் இப்படி நேர்கிறவர்கள்தான் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். முப்பது வருஷமாக இந்தக் கடற்கரையில் அறுவை சிகிச்சை செய்துவருகிறேன். நான் இழந்த முதியவர்கள் பலரின் கதையில் "வலி விட்டுட்டு" என்ற வார்த்தை வந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பித்தம் என்றதும் நம் ஊரில் தலைசுற்றலும் வாய்க் கசப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லும் பித்தப்பை அதுவல்ல. வலது விலாவுக்கு அடியில், கல்லீரலின் கீழ்ப்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பை அது. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். 30 முதல் 50 மில்லி வரை கொள்ளும். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பங்கை இந்தப் பை வாங்கிக் கெட்டியாக்கி வைத்திருக்கும். எண்ணெயும் கொழுப்பும் உள்ள சாப்பாடு உள்ளே போனதும் சுருங்கிப் பிழிந்துவிடும். பொரிச்ச புரோட்டா சாப்பிட்ட ராத்திரியில் வலி வருவது இதனால்தான். கல் உள்ள பை சுருங்கும்போது கல் போய் வாயில் சிக்குகிறது. புரோட்டா கல்லை உண்டாக்கவில்லை. உள்ளே இருந்த கல்லை நகர்த்திவிட்டது.

சிக்கிய கல் தானாக நழுவிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வலி அடங்கும். நழுவாவிட்டால் பை வீங்கும், சீழ் பிடிக்கும். சுவருக்குப் போகும் ரத்தக்குழாய்கள் நசுங்கும். ரத்தம் வருகிற வழியிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது பையின் அடிநுனி. அது முதலில் சாகும். பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை விழும். அடியோ குத்தோ படாமல் இப்படிக் கிழிவதைத்தான் தானாக வெடித்தது என்கிறோம். பித்தப்பை அழற்சி வந்தவர்களில் 2 முதல் 11 சதவீதம் பேருக்கு இது நேர்வதாக மருத்துவ ஏடுகள் சொல்கின்றன. அழற்சி தொடங்கிய இரண்டாம் நாளிலேயே நேரலாம், சில வாரம் கழித்தும் நேரலாம். அறுபது தாண்டியவர்கள், ஆண்கள், சர்க்கரை நோயாளிகள், ரத்தக்குழாய் தடித்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

கல்லே இல்லாமலும் வெடிக்கலாம். வேறு பெரிய நோய்க்காக வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் படுத்திருப்பவர்கள், தீக்காயம் பட்டவர்கள், அபூர்வமாக டைபாய்டு வந்தவர்கள் இந்த வகை. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு கொடிய வடிவமும் உண்டு: காற்றை உண்டாக்கும் கிருமிகள் பித்தப்பைச் சுவருக்குள்ளேயே புகுந்துகொள்ளும். அந்தப் பை சீக்கிரம் அழுகும், சீக்கிரம் கிழியும். ஆகவே, "போன வருஷம் ஸ்கேன்ல கல்லு இல்லன்னாங்களே" என்பதை ஒரு முதியவரின் புது வலிக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வெடிப்பிலும் வகை உண்டு. 1934-ல் நீமையர் என்ற மருத்துவர் மூன்றாகப் பிரித்தார்; இன்றைக்கும் அதையே பின்பற்றுகிறோம். பித்தநீர் தடையில்லாமல் வயிறு முழுக்கக் கொட்டுவது ஒன்று. திரேஸ்புரத்துப் பெரியவருக்கு வந்தது இது. இதில் நேரம்தான் உயிர். இரண்டாவதில், குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை வந்து ஓட்டையைப் போர்த்திக்கொள்ளும். அங்கேயே சீழ்க்கட்டி உண்டாகும். இந்த நோயாளி நாலைந்து நாள், சில சமயம் வாரக்கணக்கில், விட்டு விட்டு வரும் காய்ச்சலோடும் பசியில்லாமலும் நடமாடிக்கொண்டிருப்பார். மூன்றாவதில் பித்தப்பை பக்கத்துக் குடலோடு ஒட்டி, இரண்டுக்கும் நடுவில் வழி விழுந்துவிடும். பெரிய கல் அந்த வழியே குடலுக்குள் இறங்கிக் குடலையே அடைக்கும். வாந்தி, வயிற்று உப்புசம், காற்றுகூடப் பிரியாமை என்று வருகிற முதியவரிடம் இதையும் தேடுகிறோம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வயதான உடம்பு சத்தம் போடாது.

நாற்பது வயதுக்காரருக்குப் பித்தப்பை வீங்கினால் காய்ச்சல் அடிக்கும், வெள்ளை அணுக்கள் ஏறும், தொட்டாலே அலறுவார். எழுபத்தைந்து வயதில் இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். காய்ச்சல் வராது. ரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கும். பல வருஷச் சர்க்கரையில் நரம்பு மரத்தவருக்கு வலி ஒரு மந்தமாகத்தான் தெரியும். வயிற்றுத் தசை மெலிந்தவருக்கு, உள்ளே பித்தநீர் நிறைந்திருந்தாலும் வயிறு பலகைபோல் இறுகாது. ரத்த அழுத்தத்துக்கு அடெனலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித் துடிப்பு ஏறாமலே இருக்கலாம். மாத்திரை அதைப் பிடித்து வைத்திருக்கும். எப்போதும் பிரஷர் 150 இருக்கும் ஆளுக்கு இன்று 110 என்றால் அது நல்ல பிரஷர் இல்லை, இறங்கிக்கொண்டிருக்கும் பிரஷர். தாத்தாவின் வழக்கமான பிரஷர் என்ன என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வேறு எதைக் கவனிப்பது? சோற்றைத் தட்டிலேயே விட்டுவிடுவது. படுக்கையில் ஒரே பக்கமாகச் சுருண்டு கிடப்பது, திரும்பச் சொன்னால் எரிந்து விழுவது. மூச்சை மேலோட்டமாக இழுப்பது. வலது தோள்பட்டையிலோ முதுகுச் சட்டத்திலோ வலி என்பது. தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இரண்டு நாளைக் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், கீழே நடக்கும் வீக்கம் மேலே வலியாகத் தெரிகிறது. பிறகு, சர்க்கரை காரணமில்லாமல் முந்நூறைத் தாண்டுவது. காலையிலிருந்து சிறுநீர் போகாதது. எல்லாவற்றையும்விட, பேச்சு மாறுவது. பெரியவர் "நங்கூரம் போட்டாச்சா" என்று கேட்டபோது அது வயதின் மறதி இல்லை. உடம்பில் ஏறிய கிருமி விஷம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால், எங்கே வலிக்கிறது என்று அவர் சொல்லாவிட்டாலும், அது அவசர நிலை.

மருத்துவர்கள் பித்தப்பையைத் தேடும் ஒரு பழைய முறை உண்டு. வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து லேசாக அழுத்தி, "நல்லா மூச்சை இழுங்க" என்போம். கல்லீரல் கீழே இறங்கும்போது வீங்கிய பை விரலில் வந்து முட்டும். நோயாளிக்குப் பாதி மூச்சில் இழுப்பு அறுந்து நிற்கும். சிகாகோவில் இருந்த மர்ஃபி என்ற அறுவை மருத்துவர் பெயரால் இதைச் சொல்கிறோம். ஒருமுறை பழைய சங்குகுளியாளர் ஒருவரிடம் இதைச் செய்தேன். ஒரு நிமிடம் தண்ணீருக்குள் மூச்சடக்கிய நெஞ்சு அது. என் இரண்டு விரலுக்கு மேல் அரை மூச்சு ஏறவில்லை. அவர் முகத்தில் வந்த வியப்பை இன்னும் மறக்கவில்லை. ஆனால் முதியவர்களிடம் இந்த அடையாளமும் ஏமாற்றும். அழுத்தியபோது வலிக்கவில்லை என்பதற்காக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நீங்களாக வீட்டில் அழுத்திப் பார்க்கவும் கூடாது.

திரேஸ்புரத்துப் பெரியவர் பிழைத்தார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதில் ஆறு நாள் தீவிர சிகிச்சையில். வார்டுக்கு வந்தபின் பேச ஆரம்பித்தார். 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அவருக்குப் பதினாறு வயது. தாய்மாமன் முங்குவாராம், இவர் வல்லத்தில் நின்று கயிறு பிடிப்பாராம். "கயிறு அசைஞ்சா இழுக்கணும். அசையலேன்னாலும் எண்ணிக்கிட்டே இருக்கணும் டாக்டர். எண்ணிக்கை முடிஞ்சா இழுத்துரணும். அசைவு வரட்டும்னு நிக்கப்படாது. கீழ இருக்கிறவனுக்கு நெனவு போயிருந்தா அவன் எப்பிடி அசைப்பான்?"

வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

அறுபது தாண்டியவருக்கு நெஞ்சுக்குழியிலோ வலது அல்லையிலோ புதிதாக வலி வந்தால், தொடங்கிய மணியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்திருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். மாரடைப்பும் இப்படித்தான் வரும், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். வயிற்றுவலி என்று வந்த முதியவருக்கும் நாங்கள் முதலில் ஈ.சி.ஜி. எடுப்பது இதனால்தான்; "வயித்துக்கு வந்தா நெஞ்சுக்குப் பார்க்கிறாங்க" என்று கோபப்படாதீர்கள். மாரடைப்பு இல்லை என்று ஆனபிறகும், வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே வயிற்று ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கல் நழுவி அடங்கும் வலி அதற்கு மேல் நீள்வதில்லை. நீண்டால் அழற்சி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வலி குறைந்ததா, கூடியதா என்பதை வைத்து இந்த முடிவை மாற்றாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் துடித்துவிட்டுத் திடீரென்று "விட்டுட்டு" என்றால், சொன்ன காரை ரத்து செய்யாதீர்கள். இன்னும் வேகமாக வரச்சொல்லுங்கள்.

வெடித்த அந்த நாலு மணிக்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி புரோட்டாவும் சால்னாவும். நடுச்சாமத்தில் வலி. வாய்வு என்று சோடா கொடுத்திருக்கிறார்கள். அடுத்து ஓமத்தண்ணீர், அடுத்துப் பெருங்காயம் கரைத்த மோர். சனிக்கிழமை காலை பக்கத்தில் ஒரு இடத்தில் ஊசி. இரண்டு மணி நேரம் தூங்கினார். சாயங்காலம் மறுபடி வலி. அக்கம்பக்கத்தில் கைப்பக்குவம் தெரிந்த ஒருவர் வந்து எண்ணெய் தேய்த்து வயிற்றை உருவிவிட்டார். எல்லாம் அன்பினால் செய்ததுதான். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்: வீங்கிய வயிற்றை உருவக் கூடாது. பேதிக்கு மருந்தும் எனிமாவும் கொடுக்கக் கூடாது. சாப்பாடோ கஞ்சியோ கொடுக்கக் கூடாது. அறுவை செய்ய வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது, தாகத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீரில் வாயை நனைத்தால் போதும். வலிக்கு ஊசி போடுவது தவறில்லை. வலியைக் குறைத்தால் நோய் மறைந்துவிடும், அதனால் குறைக்கவே கூடாது என்ற பழைய கருத்தை மருத்துவம் கைவிட்டுவிட்டது. ஊசி போட்டபின் காரணம் தேடாமல் வீட்டுக்குப் போவதுதான் தவறு. ஒரே வலிக்கு இரண்டாவது ஊசி தேவைப்பட்டால், அடுத்த இடம் ஸ்கேன் அறை. நீர்ச்சத்து வற்றிய முதியவருக்கு டைக்ளோஃபினாக் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் சிறுநீரகமும் கெடும்.

இந்த ஊருக்கென்றே ஒரு குழப்பம் இருக்கிறது. உப்பளத்து வெயிலில் வேலை பார்க்கும் மக்கள் நிறைந்த மாவட்டம் இது; 'கல்லடைப்பு' என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது சிறுநீரகக் கல். பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்தாலும் பலர் அதே வைத்தியத்தைச் செய்கிறார்கள்: வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், குடம் குடமாகத் தண்ணீர். பித்தப்பை சிறுநீர் போகும் பாதையிலேயே இல்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அந்தக் கல் சிறுநீரில் வராது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மலத்தில் கல் கல்லாக வெளியேறும் என்று செல்போனில் சுற்றும் வீடியோவையும் நம்ப வேண்டாம். வெளியே வருவது அந்த எண்ணெயும் சாறும் குடலில் சேர்ந்து உண்டான சோப்புக் கட்டிகள். அவ்வளவு எண்ணெய் குடிப்பதே பித்தப்பையைச் சுருக்கிக் கல்லை வாயில் கொண்டுபோய்ச் சொருகலாம். கல்லைக் கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. அது சிறிய கொழுப்புக் கல்லுக்கு, மாதக்கணக்கில் சாப்பிட்டால், சிலருக்கு மட்டும். நம் தென்னாட்டில் நிறமிக் கல்லும் கலப்புக் கல்லும் அதிகம். அவை அதில் கரையாது.

ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டீர்கள். அங்கே என்ன கேட்பது? எக்ஸ்ரே எடுத்து "நார்மல்" என்றால் அதோடு திருப்தி அடையாதீர்கள். குடல்புண் ஓட்டையானால் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியும். பித்தப்பை வெடித்தால் பெரும்பாலும் காற்று தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முதல் படி. கல்லும் தடித்த சுவரும் அதில் நன்றாகத் தெரியும். ஆனால் குடலில் காற்று நிறைந்த முதியவருக்கு ஓட்டை தெரியாமல் போகலாம். வெடித்துச் சுருங்கிய பை, ஒன்றுமில்லாததுபோலவும் தோன்றும். சந்தேகம் மிச்சமிருந்தால் சி.டி. ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும். "சி.டி. தேவைப்படுமா, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் எந்த மருத்துவருக்கும் வருத்தம் வராது. கிரியாட்டினின், பிலிருபின், கணையத்துக்கான லைபேஸ் ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் சேரும். கையில் இருக்கும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கொடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரைகளையும் ஸ்டீராய்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

"இந்த வயசுல ஆபரேஷனா?" இந்தக் கேள்வியை நான் வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்கிறேன். பயம் நியாயமானது. ஆனால் பயந்து தள்ளிப்போடுவதற்கு ஒரு விலை உண்டு. உலகப் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஆஸ்பத்திரி என்றாலே நடுங்குவார். பித்தப்பைக் கோளாறைப் பல வருஷம் தள்ளிப்போட்டார். 1987 பிப்ரவரியில் நியூயார்க்கில் வேறு வழியில்லாமல் அறுவை நடந்தபோது பித்தப்பை அழுகிப்போயிருந்தது. மறுநாள் விடியற்காலை இறந்தார். வயது 58. பெர்லினில் லாங்கன்புக் என்ற மருத்துவர் முதல்முறையாகப் பித்தப்பையை வெற்றிகரமாக எடுத்தது 1882-ல். இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி முறையில் முதல் பித்தப்பை அறுவையை மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா 1990-ல் செய்தார். இன்று இது மாவட்டத் தலைநகரங்களில் நாள்தோறும் நடக்கும் அறுவை. அழற்சி தொடங்கி முதல் மூன்று நாளுக்குள், தவறினால் ஒரு வாரத்துக்குள் செய்வது நல்லது. எண்பது வயது என்பது மட்டுமே தடை ஆகாது. இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதுதான் கணக்கு.

மயக்க மருந்து தாங்காத உடம்பாக இருந்தால் வேறு வழியும் இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, தோல் வழியாகப் பித்தப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திச் சீழை வடித்துவிடலாம். பல முதியவர்கள் இந்த ஒரு குழாயில் உயிர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் இது பை வெடிப்பதற்கு முன்னாலோ, சீழ்க்கட்டி ஓரிடத்தில் அடங்கியிருக்கும்போதோதான் உதவும். வயிறு முழுக்கப் பித்தநீர் கொட்டியபின் திறந்து கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. சீக்கிரம் வந்தவர்களுக்கு மருத்துவர் கையில் நாலு வழி இருக்கும். தாமதித்து வந்தவர்களுக்கு ஒரு வழிதான் மிஞ்சும், அதுவும் குறுகலான வழி. வெடித்தபின் வந்தவர்களில் இறப்பு 12 முதல் 42 சதவீதம் வரை என்று பழைய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இப்போது தீவிர சிகிச்சை முன்னேறியிருக்கிறது. அப்படியும், நேரம் போனால் போனதுதான்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் தெரிந்தது, வலியே வந்ததில்லை என்றால்? பெரும்பாலானவர்களுக்கு அறுவை தேவையில்லை. அப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் தொந்தரவு தொடங்குகிறது. பயந்து ஓடிப்போய் அறுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சதைவளர்ச்சி, சுண்ணாம்பு படிந்த பித்தப்பைச் சுவர் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள். ஆனால் ஒருமுறை வலி வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். அந்த வலி அடங்கி, உடம்பு தெம்பாக இருக்கும்போது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, நாள் குறித்துச் செய்துகொள்ளுங்கள். நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கும் நள்ளிரவில் வெடித்தபின் செய்யும் அறுவைக்கும் உள்ள வித்தியாசம், அமைதியான கடலில் கரைசேர்வதற்கும் சுழல்காற்றில் கரைசேர்வதற்கும் உள்ள வித்தியாசம். "மாதா கோயில் திருவிழா முடியட்டும்", "பேத்தி கல்யாணம் முடியட்டும்" என்று இரண்டு வருஷம் ஓடிவிடும். அதற்குள் இரண்டாவது வலி வந்திருக்கும்.

இந்தக் கரையில் தாமதத்துக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். பிள்ளைகள் கப்பலில், வளைகுடாவில், சென்னையில். வீட்டில் இரண்டு வயதானவர்கள். "பெரியவன் போன் பண்ணட்டும், அவங்கிட்டக் கேட்டுக்கிட்டு முடிவு பண்ணலாம்" என்று அம்மா உட்கார்ந்திருப்பார். மகன் நடுக்கடலில் சிக்னல் இல்லாத கப்பலில் இருப்பான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, ஊருக்கு வந்திருக்கும்போது இதைப் பேசி முடித்துவையுங்கள். பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ ஒருவரிடம், "அப்பாவுக்கு ஏதாவதுன்னா என்னைக் கேக்க வேண்டாம், கூட்டிட்டுப் போயிருங்க, பிறகு சொல்லுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். அம்மாவுக்கும் அதே வார்த்தையைச் சொல்லுங்கள். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, மாத்திரைச் சீட்டு, பழைய ஸ்கேன் எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கட்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு அந்தக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. இன்னும் அட்டை எடுக்காதவர்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவையுங்கள்.

தூரமும் கணக்கில் வரும். மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரியதாழை அதற்கும் அப்பால். வேம்பார், தருவைகுளம் பக்கம் இருப்பவர்களுக்கும் இரவில் வண்டி கிடைப்பது கஷ்டம். 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போது "வயித்துவலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எழுபத்தெட்டு வயசு, சர்க்கரை இருக்கு, நேத்து ராத்திரியிலிருந்து வலி, இப்ப பேச்சு குழறுது" என்று சொல்லுங்கள். அவசரத்தின் அளவு அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியும். ஸ்கேனும் அறுவை மருத்துவரும் தீவிர சிகிச்சையும் ஒரே இடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகக் கேளுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் மருத்துவமனையும் அப்படிப்பட்டவை. இடையில் மூன்று இடத்தில் இறங்கி ஏறுவதில் ராத்திரி முழுக்கப் போய்விடும்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் சில வார்த்தைகள். பித்தப்பை இல்லாமல் வாழலாம். பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போகும். முதல் சில வாரம் எண்ணெயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுவது நல்லது. சிலருக்கு மலம் இளகிப் போகும். நாளாக நாளாகச் சரியாகும். மீன் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். வடிகுழாயோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால், பையில் சேரும் நீரின் அளவையும் நிறத்தையும் தினமும் எழுதிவையுங்கள். திடீரென்று பச்சையாக அதிகம் வந்தாலும், வந்துகொண்டிருந்தது நின்றுபோய் வயிறு வலித்தாலும், குளிர்காய்ச்சல் அடித்தாலும், கண் மஞ்சளாகிச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும், மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள். எடுத்த பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த முடிவை வாங்காமல் விடாதீர்கள். அபூர்வமாக அதில் புற்றுநோய் இருப்பது பிறகுதான் தெரியவரும். திரேஸ்புரத்துப் பெரியவரின் மகள் அந்தக் காகிதத்தை வாங்க மூன்று முறை வந்தார். மூன்றாம் முறைதான் கிடைத்தது. புற்று ஏதும் இல்லை என்று வாசித்துக் காட்டியதும் அதை நான்காக மடித்து, காப்பீட்டு அட்டை இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார்.